ஒரே திரையில் எங்கள் ஊர்

முதல் நாள் எங்கள் ஊரின் தண்ணீர்க் குழாய்கள் ஆற்றின் நடுவே ஓடின. மின்கம்பிகள் பள்ளிவாசல் கூரைக்குள் புகுந்து சந்தை வழியாக வெளியே வந்தன. கழிவுநீர்க் குழாய் ஒன்று ரயில் நிலையத்தின் நடைமேடையில் நீட்டிப் படுத்திருந்தது.

எல்லாம் திரையில்தான். நகராண்மைக் கழகத்தின் கூட்ட அறைச் சுவரில் படம் விழுந்துகொண்டிருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள். நான் மட்டும் மடிக்கணினிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தைச் செய்தவள் நான்.

ஜொகூர் மாநிலத்தின் வடபகுதியில், சிகாமட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஆற்றோரத்து ஊர் எங்களுடையது. நான் நகராண்மைக் கழகத்தின் வரைபடப் பிரிவில் வேலை செய்கிறேன். பல ஆண்டுகளாக எங்கள் ஊரில் ஒரு கூத்து நடந்துவந்தது. தண்ணீர்க்காரர்கள் சாலையைத் தோண்டி மூடுவார்கள். தார் காய்வதற்குள் மின்சாரக்காரர்கள் அதே இடத்தைத் தோண்டுவார்கள். அவர்கள் போனதும் தொலைபேசிக்காரர்கள் வந்து, தோண்டும்போது தண்ணீர்க் குழாயை உடைப்பார்கள். மறுபடியும் தண்ணீர்க்காரர்கள் வருவார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு வரைபடம் இருந்தது. ஒருவர் வரைபடத்தை இன்னொருவர் பார்த்ததில்லை.

எங்கள் பொறியியல் பிரிவின் தலைவி ஒரு மலாய்ப் பெண்மணி. எல்லோரும் அவரை மலாயில் மரியாதையாக 'புவான்' என்றுதான் கூப்பிடுவோம். மெதுவாகப் பேசுவார், ஆனால் சொன்னதை விடமாட்டார். ஊருக்கே ஒரே வரைபடம் வேண்டும், எல்லா அலுவலகமும் அதைத் திறந்து பார்க்க வேண்டும், அவரவர் வைத்திருப்பதை அவரவரே அதில் போட வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்தார். செய்யும் வேலை எனக்கும் ஓர் அண்ணனுக்கும் வந்தது. அண்ணன் என்றால் சொந்த அண்ணன் இல்லை. பண்டார் தெங்காராவில் செம்பனைக் காட்டுக்கு நடுவே வளர்ந்து, சிங்கப்பூரில் நில அளவையாளராகப் பல காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். ட்ரோன் பறக்கவிடுவதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் வயதே தெரியாது.

அன்று முதலில் வாய் திறந்தவர் அவர்தான். "என்னம்மா இது, பைப்பெல்லாம் ஆத்துல குளிக்கப் போயிருச்சு?"

தண்ணீர் நிறுவனத்துப் பொறியாளருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஜொகூர் பாருவில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர் அவர். மடிப்புக் கலையாத சட்டை, வெள்ளிச் சட்டத்தில் கண்ணாடி. சாதாரணமாக ஆங்கிலத்தில்தான் பேசுவார். கோபம் வந்தால் தமிழ் வரும்.

"எங்கட குழாய் ஒண்டும் ஆத்துக்குள்ள இல்லை," என்றார். "உங்கட கம்ப்யூட்டர்தான் பிழை. இதுக்குத்தான் நான் முதலே சொன்னனான், எங்கட வரைபடத்தை வெளியில குடுக்க ஏலாதெண்டு."

அவர் கொடுத்திருந்ததே ஒரே ஒரு வட்டாரத்தின் படம். அதுவும் புவான் மூன்று கூட்டங்களில் விடாமல் கேட்டதால் மாதிரிக்கென்று கொடுத்தது.

"சார், உங்க மேப் எந்த இடத்த மையமா வச்சு அளந்தது?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இருந்த படம் அது.

அடுத்த சில நாள்கள் அதைத்தான் தேடினேன். கிடைத்தபோது நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். ஜொகூரின் பழைய நில வரைபடங்கள் குளுவாங் பக்கம் இருக்கும் பெலுமுட் மலையை மையமாக வைத்து அளக்கப்பட்டவை. ஒவ்வொரு வீட்டு மனையும், ஒவ்வொரு தோட்டத்து எல்லையும் அந்த மலையிலிருந்து இத்தனை வடக்கு, இத்தனை மேற்கு என்று கணக்கிடப்பட்டிருந்தது. மின்சார நிறுவனத்தின் படமோ தீபகற்பம் முழுவதற்கும் பொதுவான வேறொரு கணக்கில் இருந்தது. அண்ணனின் ட்ரோன் தன் இடத்தை ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. யாரும் தப்பாக அளக்கவில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் நின்று ஒரே ஊரைப் பார்த்திருக்கிறார்கள். நான்தான் அந்தப் பார்வைகளை மாற்றாமல் அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டேன்.

அந்த மலையைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறேன். மழைமேகம் உச்சியை மூடியிருந்தது. சிறுவயதில் லாபிஸில் நாங்கள் குடியிருந்த ரயில்வே வீட்டின் மூலைக்கல்லுக்கும் அந்த உச்சிக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருந்திருக்கிறது. அது அன்று எனக்குத் தெரியாது.

அடுத்த கூட்டத்தில் கணக்கைச் சரிசெய்து விசையைத் தட்டினேன். குழாய்கள் எல்லாம் ஒரு கணம் நடுங்கின. பிறகு ஆற்றைவிட்டு ஒரே துள்ளலில் எழுந்து சாலையோரம் போய் ஒழுங்காகப் படுத்துக்கொண்டன. மின்கம்பிகள் பள்ளிவாசலை விட்டு வெளியேறித் தெருமுனைக் கம்பங்களில் ஏறின. ஒவ்வொரு வால்வும் ஒவ்வொரு மூடியும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

"அலாமாக்," என்று புவான் வியந்து மெதுவாகச் சொன்னார். தினமும் நாங்கள் நடக்கிற சாலைக்கு அடியில் இவ்வளவு ஓடிக்கொண்டிருந்ததா என்று எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர்ப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் மிச்சப் படங்களை அவர் கொடுக்கவில்லை.

அதன்பிறகு அண்ணன் ஊர் முழுக்க ட்ரோன் பறக்கவிட்டார். காலையில் காற்று எழுவதற்கு முன் கிளம்பிவிடுவார். கூரை, மரம், மேடு, பள்ளம் எல்லாம் உயரக் கணக்கோடு வந்து சேர்ந்தன. அந்த நிலத்தின் மேல் கணினியில் மழை பெய்ய வைத்தோம். நீலத் துளிகள் இறங்கி, சாலையோர வடிகால்களான லோங்காங்குகளில் சேர்ந்து, ஆற்றை நோக்கி ஓடின. நான் பிறந்ததிலிருந்து மழையைப் பார்க்கிறேன். இறங்கிய பிறகு ஒவ்வொரு சொட்டும் எங்கே போகிறது என்று முழுசாகப் பார்த்தது அன்றுதான். அண்ணனும் நானும் சாப்பிடப் போக மறந்து மழையைத் திரும்பத் திரும்பப் பெய்ய வைத்தோம்.

ஓர் இடத்தில் மட்டும் கணக்கு இடித்தது. புதிய இரட்டைத் தண்டவாளம் வந்தபோது கைவிடப்பட்ட பழைய ரயில் மேடு ஒன்று ஊரின் ஓரத்தில் இருக்கிறது. அதை ஒட்டித் தாமான் எனப்படும் ஒரு வீட்டுக் குடியிருப்பு, தாமானுக்கும் மேட்டுக்கும் இடையில் ஒரு பந்துத் திடல். கணினி மழையில் அந்தத் திடல் ஏரியாக மாறியது. நீர் வெளியேற வழியே இல்லாமல் மேட்டில் முட்டி நின்று, தாமான் வீடுகளுக்குள் புகுந்தது.

"இது சரியில்லம்மா," என்றார் அண்ணன். "நேத்து அப்படி மழை பேஞ்சது. சாயங்காலம் அங்க பசங்க பந்து விளையாடிட்டு இருந்தாங்க. நான்தான் பார்த்தேனே."

"அப்ப உங்க ட்ரோன் தப்பா அளந்திருக்கும்ணே."

"ட்ரோன் தப்பா அளக்காது. தண்ணி எங்கயோ போகுது. நம்ம மேப்புலதான் அந்த வழி இல்ல."

வடிகால் இலாகாவின் படத்தில் இல்லை. ரயில்வேயின் புதிய படங்களிலும் இல்லை. எங்களுடையதில் சொல்லவே வேண்டாம். கடைசியில் தண்ணீர்ப் பொறியாளருக்குப் போன் செய்தேன். ஊருக்குப் போகும் பெரிய குழாய் அந்த மேட்டை எங்கோ கடக்கிறது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். அவர் எந்த இடம் என்று கேட்டார். பிறகு, "நானும் வாறன்," என்றார்.

மறுநாள் காலை மூவரும் திடலுக்குப் போனோம். மழையின் ஈரம் இன்னும் புல்லில் இருந்தது. மேட்டின் அடிவாரம் முழுக்க லாலாங் புல்லும் காட்டுக் கெலாடி இலைகளும் ஆள் உயரத்துக்கு மண்டியிருந்தன. அண்ணன் பாராங் கத்தியால் வழி வெட்டிக்கொண்டு முன்னே போனார். பொறியாளர் பளபளக்கும் காலணியோடு பின்னால் வந்தார். பெரிய உடும்பு ஒன்று எங்கள் குறுக்கே ஓடி மறைந்தது.

"நில்லுங்க," என்றேன். "சத்தம் கேக்குது."

தண்ணீர் விழும் சத்தம். மெல்லிய சத்தம்தான், ஆனால் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அண்ணன் கொடிகளை இழுத்து அறுத்தார். திரை விலகியது போல் பச்சை விலகியதும் குளிர்ந்த காற்று எங்கள் முகத்தில் அடித்தது.

செங்கல் வளைவு ஒன்று. நிமிர்ந்து நடந்து போகும் அளவுக்கு உயரம். ஒவ்வொரு செங்கல்லும் விசிறி மடிப்பு போலப் பக்கத்துச் செங்கல்லில் சாய்ந்து நின்றது. பாசி படிந்திருந்ததே தவிர ஒரு கல்கூடச் சரியவில்லை. கணுக்கால் அளவுத் தண்ணீர் தெளிவாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மறுமுனையில் வட்டமாகப் பச்சை வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் குருவிகள் போவதும் வருவதுமாக இருந்தன.

நாங்கள் உள்ளே நடந்தோம். என் அப்பா லாபிஸில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். ரயில் ஓடும் கம்பிச் சடக்குக்குப் பக்கத்தில்தான் நான் வளர்ந்தேன். ரயில் அதிர்வில் தட்டு நடுங்குவதைப் பார்த்தபடி சோறு சாப்பிட்டவள். ஆனால் அந்தச் சடக்குக்கு அடியில் தண்ணீருக்கென்று இப்படி ஒரு வாசல் கட்டிவைத்திருப்பார்கள் என்று நினைத்ததே இல்லை. ரயிலே போய்விட்டது. கட்டியவர்கள் யாரென்று சொல்ல ஆளில்லை. எந்தப் படத்திலும் இடமில்லை. அது பாட்டுக்கு ஒவ்வொரு மழைக்கும் ஒரு தாமானைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. செங்கல்லில் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. எனக்குக் கண் கலங்கியது. ஏன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பொறியாளர் தலையை உயர்த்தி வளைவின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலணி முழுக்கத் தண்ணீர். "எங்கட பெரிய குழாய் இதுக்கு மேலாலதான் போகுது," என்றார். "எங்கட படத்தில வெறும் மண் எண்டுதான் இருக்குது. இவ்வளவு காலமும் இதுதான் தாங்கிக்கொண்டு இருந்திருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, மிச்சப் படங்களையும் தாறன். எல்லாத்தையும் போடுங்கோ."

மறுமுனையில் வெளியே வந்ததும் நாங்கள் மூவரும் நின்றுவிட்டோம். எதிரே சிவப்பு மண் குவியல்கள். லோரி ஒன்று பின்பக்கமாக வந்து மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தாழ்வான நிலத்தில் கடைவீடுகள் கட்ட அனுமதி வாங்கியிருந்தார்கள். மண் ஏறக்குறைய வளைவின் வாய்வரை வந்துவிட்டது.

அண்ணன் சேற்றில் ஓடிப்போய் லோரியின் முன்னால் இரண்டு கைகளையும் ஆட்டினார். கட்டுமானத் தளத்து மேற்பார்வையாளர் ஒரு சீனர். ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து மலாயில் கேட்டார்: "என்ன வாய்க்கால்? பிளானில் ஒன்றும் இல்லையே?"

அவர் சொன்னது உண்மை. அவர்மேல் குற்றமில்லை. நான் கையடக்கக் கணினியைத் திறந்து, வளைவின் வாயிலிருந்து நடக்கத் தொடங்கினேன். திடல் பக்கம்வரை திரும்ப நடந்தேன். நடக்க நடக்க ஊர்ப்படத்தில் என் பின்னால் ஒரு நீலக்கோடு வளர்ந்தது. பாதி வழியில் போன் அடித்தது. புவான்.

"ரயில் மேட்டுக்குள்ளே ஒரு கோடு ஊர்ந்து போகிறதே, என்ன அது?"

"நான்தான் புவான். நடந்துகிட்டு இருக்கேன்," என்று மலாயில் சொல்லி, கண்டதை எல்லாம் சொன்னேன்.

"வடிகால் இலாகாவிலும் இதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அவர்களும் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்," என்றார். "நீ நட. நான் பேசிக்கொள்கிறேன்."

லோரிகள் அன்று மதியமே நின்றன. சில வாரங்கள் பேச்சுவார்த்தை நடந்தது. கடைவீடுகளின் திட்டத்தை மாற்றி, வளைவின் வாயிலிருந்து ஆறுவரை அகலமான கால்வாய்க்கு இடம் விட்டார்கள். அந்த மேற்பார்வையாளரே ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து, தாங்கள் பதித்த வடிகால் குழாய்களை எப்படிப் படத்தில் போடுவது என்று கேட்டு உட்கார்ந்தார்.

அந்த ஆண்டின் மழைக்காலம் வந்தபோது, ஊரின் படம் முடிந்திருக்கவில்லை. தொலைபேசிக்காரர்களின் பாதி வேலை பாக்கி. ஆனால் ஆறு எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. விடாமல் மழை பெய்தது. ஒரு காலையில் ஆற்றுமட்டம் அபாயக்கோட்டைத் தாண்டியது. எல்லா அலுவலகத்திலிருந்தும் ஆள்கள் அதே கூட்ட அறைக்கு வந்து சேர்ந்தார்கள். சுவரில் அதே படம்.

முன்பெல்லாம் வெள்ளம் என்றால் அந்த அறை சந்தை போல இருக்கும். ஆளுக்கொரு போனில் கத்துவார்கள். அன்று அப்படி இல்லை. தண்ணீர்ப் பொறியாளர் தன் மடிக்கணினியில் வால்வு ஒன்றைத் தொட்டால், சுவரில் அது சிவப்பாகும். ஆற்றோரச் சிற்றூரான கம்பத்திலிருந்து அண்ணன் வெள்ளத்தின் விளிம்பை அனுப்பினால், நீலம் ஒரு தெரு முன்னேறும். படகுகள் எந்தப் பக்கம் போகின்றன என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மின்சார நிறுவனத்திலிருந்து ஒரு சீனப் பெண்மணி வந்திருந்தார். ஆற்றுக்கு அருகிலிருந்த துணை மின்நிலையத்தை நீர் நெருங்கியதும், "இதை நிறுத்தப்போகிறேன்," என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். அந்த மின்நிலையத்திலிருந்து கிளம்பிய கோடு மேட்டுத் தெருவில் ஒரு கட்டடத்தில் போய் முடிந்தது. அந்தக் கட்டடத்துக்கு வெள்ள ஆபத்தே இல்லை. அதனால் யாரும் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க," என்றேன். "அது சிறுநீரக நோயாளிகளுக்கான ரத்தச் சுத்திகரிப்பு நிலையம். காலையில ஆளுங்க மெஷின்ல இருப்பாங்க."

அவர் எழுந்து சுவருக்கே போய்க் கோட்டை விரலால் தொட்டுத் தொடர்ந்தார். "இந்தப் பக்கம் இன்னொரு இணைப்பு இருக்கிறது," என்று சொல்லிவிட்டுத் தன் ஆள்களை அழைத்தார். எல்லோரும் காத்திருந்தோம். அந்தக் கட்டடத்துக்குப் போகும் கோடு நிறம் மாறியது. வேறு பக்கத்திலிருந்து மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பிறகுதான் ஆற்றோரத்து மின்நிலையத்தை நிறுத்தினார்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. விளக்கு ஒருமுறை சிமிட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

தண்ணீர்ப் பொறியாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். "பார்த்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். ஒருவருக்கொருவர் படம் கொடுக்க மறுத்தவர்கள் அதே சுவரின் முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஓர் ஊரை இத்தனை பேர் சேர்ந்து தாங்கிப் பிடிப்பதை நான் அதுவரை கண்ணால் கண்டதில்லை.

எல்லாம் காப்பாற்றப்பட்டது என்று சொல்லமாட்டேன். ஆற்றோரக் கம்பம் முங்கியது. சந்தைக்குள் இடுப்பளவு தண்ணீர். எத்தனையோ குடும்பத்தார் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். ரயில் மேட்டுத் தாமான் ஆற்றுமட்டத்துக்கு மேலே இருப்பதால் அதற்குப் பயம் மழைநீரால்தான். அங்கே தண்ணீர் திடலில் நின்று, வளைவு வழியாக இறங்கி, புதுக் கால்வாயில் போய்விட்டது.

ஆறு வடிந்த பிறகு அந்தத் தாமானைப் பார்க்கப் போனேன். வெயில் அடித்தது. கடைசி வரிசை வீட்டில் ஓர் அம்மா வாசலில் கால்மிதிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் சட்டையிலிருந்த நகராண்மைக் கழகச் சின்னத்தைப் பார்த்து, "நீங்கதானே அந்த மேப்புக்காரங்க?" என்றார்.

"ஆமாங்க."

"எங்க குசினிக்குப் பின்னால ஒரு லோங்காங் இருக்கு. அத போட்டுட்டீங்களா? யாருமே வந்து பார்க்கல."

போடவில்லை. சமையலறைச் சுவருக்கும் வாழை மரங்களுக்கும் நடுவே ஒளிந்திருந்த குறுகலான வடிகால் அது. ட்ரோனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்த அம்மா முன்னே நடந்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். வளைந்து வளைந்து திடலின் ஓரம்வரை போனோம். திரையில் கோடு கூடவே வந்தது.

"இது ஆபீசுல இருக்கறவங்களுக்கும் தெரியுமா?"

"இப்பவே தெரியும்மா. தண்ணிக்காரங்களுக்கும் தெரியும், கரண்டுக்காரங்களுக்கும் தெரியும்."

அவர் என் கையிலிருந்து போனை வாங்கிக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். மேலிருந்து எடுத்த படத்தில் தன் வீட்டுக் கூரையைக் கண்டுபிடித்தார். பிறகு குசினியை, வாழை மரங்களை, அவற்றுக்கு நடுவே இப்போதுதான் பிறந்த மெல்லிய நீலக்கோட்டை. கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பி, "அக்கா, சீக்கிரம் இங்க வாங்க! உங்க வீடும் இருக்கு!" என்று சத்தமாகக் கூப்பிட்டார்.